முகாம் அனுமதி முதல் முல்லைத்தீவு வரை: பெயர்ப் பட்டியல் கொடுக்காமல் படம் எடுத்த அனுபவம்

இலங்கையில் போர் நடந்த மண்ணைப் பற்றி ஆவணப்படம் எடுக்கிறோம் என்று சொன்னாலே எல்லாரும் ஹெல்மெட், குண்டு துளைக்காத ஜாக்கெட், கண்ணிவெடி என்றுதான் கேட்கிறார்கள். எங்களை மாதக்கணக்கில் அலைய வைத்தது ஒரு காகிதம். சேலத்தில் ஒரு அரசு அலுவலகத்தில் கொடுத்த ஜெராக்ஸ் படிவம் அது, "பேட்டி காணப்படுவோர் பெயர், வீட்டு எண், குடும்ப அட்டை எண், கேட்கப்படும் கேள்விகள்" என்று வரிசையாகக் கட்டம் போட்டிருந்தது. அதை நிரப்பாமலேயே, இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் படம் எடுக்க அனுமதி வாங்கிவிட்டோம். ஆனாலும் கோபம் இன்னும் அடங்கவில்லை. இதே வேலையில் இறங்கப்போகிறவர்கள் யாராவது இருந்தால் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

படம் எதைப் பற்றி என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இலங்கையின் வடக்கே வன்னியில் கடைசிக் கட்டப் போர் நடந்தபோது வெளியிலிருந்து சுதந்திரமான செய்தியாளர்களை உள்ளே விடவில்லை. 2008 செப்டம்பரில் ஐ.நா. ஊழியர்களும் கிளிநொச்சியை விட்டுக் கிளம்பினார்கள். அதற்கு முன்பே, 2001 ஏப்ரலில், தடையை மீறி வன்னிக்குள் போய்த் திரும்பிய வெளிநாட்டுச் செய்தியாளர் மேரி கொல்வினுக்கு ஒரு கண் போனது. 2009இல் அங்கே என்ன நடந்தது என்பதற்கு நம்மிடம் இருக்கும் படங்களில் பெரும்பகுதி உள்ளே மாட்டிக்கொண்ட மக்களே செல்போனிலும் சின்ன கேமராவிலும் எடுத்தவை. கடைசி மாதங்களில் 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்று 2011இல் ஐ.நா. நிபுணர் குழு சொன்னது. இலங்கை அரசு அதை ஏற்கவில்லை. இந்தச் சண்டைக்கு நடுவில், கேமரா பிடித்த சாதாரண ஆட்கள் யார், அவர்களுக்கு என்ன ஆயிற்று என்பதுதான் எங்கள் படம்.

அதற்கான ஆட்கள் நம் சேலம் மாவட்டத்து மறுவாழ்வு முகாம்களிலேயே இருக்கிறார்கள். எந்த முகாம் என்று சொல்ல மாட்டேன், சில அடையாளங்களையும் மாற்றித்தான் எழுதுகிறேன். ஒரு அக்கா 2007இல் மன்னாரிலிருந்து படகில் வந்து, மண்டபம் முகாமில் பதிந்து, அங்கிருந்து இங்கே வந்தவர். அவருடைய தம்பி கிளிநொச்சியில் கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்தவர். 2009 மே மாதம் முல்லைத்தீவில் வட்டுவாகல் பாலத்தருகே அவரைப் பார்த்ததாகச் சொன்னவர்கள் உண்டு, அதோடு தகவல் நின்றுவிட்டது. 2006 ஆகஸ்டில், வன்னி வழியாகப் போகும் ஏ9 நெடுஞ்சாலை மூடப்படுவதற்கு முன் அவர் கொடுத்தனுப்பிய மினிடிவி (MiniDV) வீடியோ கேசட்டுகள் அக்காவிடம் இருக்கின்றன. ஒரு பிஸ்கட் டப்பா, உள்ளே பழைய பனியன் துணி, அதற்குள் கேசட். ஒவ்வொன்றின் லேபிளிலும் மணமக்கள் பெயரும் தேதியும் பால்பாயின்ட் பேனாவில் அழகான கையெழுத்தில் இருக்கும்.

முகாமுக்குள் கேமராவோடு போக முன் அனுமதி வேண்டும். அது எல்லாருக்கும் தெரியும். யாரிடம் என்பதில்தான் தொல்லை ஆரம்பம். தாலுகா ஆபீஸில் கேட்டால் கலெக்டர் ஆபீஸ் என்றார்கள், அங்கே போனால் சென்னையில் மறுவாழ்வுத் துறை ஆணையரகத்திலிருந்து கடிதம் வேண்டும் என்றார்கள், சென்னைக்குப் போனால் மாவட்டத்திலிருந்து பரிந்துரை வந்தால்தான் ஃபைலே திறப்போம் என்றார்கள். ஏற்காடு எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறி, காலையில் இறங்கி, மத்தியானம் வரை பெஞ்சில் உட்கார்ந்து, இந்த ஒரு வரி பதிலை வாங்கிக்கொண்டு திரும்பியது இன்னும் நெஞ்சில் இருக்கிறது. போனில் கேட்டபோதே இதைச் சொல்லியிருக்கலாம்.

இதில் ஒரு வழி சொல்கிறேன். நேராக ஒரு பிரிவில் போய் மனு கொடுத்தால் அது எந்த மேஜையில் தூங்குகிறது என்று கண்டுபிடிக்கவே முடியாது. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் நடக்கும் குறைதீர் நாளில் கொடுங்கள். மனு எண் கிடைக்கும். அந்த எண்ணை வைத்துக் கேட்டால் யாரும் "அப்படி ஒண்ணு வரலீங்களே" என்று சொல்ல முடியாது. மனு தமிழில் இருக்கட்டும், இரண்டு பிரதி எடுத்துப் போங்கள், உங்கள் பிரதியில் தேதியோடு முத்திரை வாங்காமல் இடத்தை விட்டு நகராதீர்கள்.

அப்படிக் கொடுத்த மனு நகர்ந்து நகர்ந்து ஒரு எழுத்தரிடம் வந்து நின்றது. அவர்தான் அந்தப் படிவத்தை நீட்டினார்.

"பேர் லிஸ்ட் இல்லாம ஃபைல் மேல போகாதுங்க."

"சார், பேட்டி கொடுக்கறவங்களோட சொந்தக்காரங்க இன்னும் அங்கதான் இருக்காங்க. பேர் வெளிய போனா அவங்களுக்கு ஆபத்து."

"இங்க இருக்கற ஃபைல் எங்கீங்க வெளிய போகுது?"

அவர் கெட்ட மனிதர் இல்லை. ஆனால் அந்தப் படிவம் எத்தனை மேஜை தாண்டும் என்று நாங்கள் கணக்குப் போட்டுப் பார்த்தோம். வருவாய்த் துறை, முகாம்களைக் கண்காணிக்கும் கியூ பிரிவு போலீஸ், ஆணையரகம், ஒவ்வொரு இடத்திலும் ஒரு ஜெராக்ஸ். அதற்குமேல் அது எங்கே போகும் என்று யாராலும் உத்தரவாதம் கொடுக்க முடியாது. இலங்கையில் 1979இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தை வைத்து எத்தனை பேரை எத்தனை வருடம் உள்ளே வைத்தார்கள் என்று தெரிந்தவர்கள் யாரும் அந்தக் கட்டத்தில் பெயர் எழுத மாட்டார்கள். அக்காவிடம் படிவத்தைக் காட்டினோம். நிதானமாகப் படித்துவிட்டு மடித்துத் திருப்பிக் கொடுத்தார். "தம்பி, என்ர பேரை எழுதாதேங்கோ. அவன்ர பிள்ளையள் ரெண்டும் அங்கதான் இருக்குதுகள்."

கேள்விப் பட்டியலும் அப்படித்தான். கேள்வியைப் பார்த்தாலே யாரிடம் கேட்கப்போகிறோம் என்று முகாமில் இருக்கிற எவருக்கும் புரிந்துவிடும். கல்யாண வீடியோ பற்றி மூன்று கேள்வி இருந்தால் போதும், அக்கா வீட்டு வாசல் வரை வழி காட்டிவிடும்.

கடைசியில் ஒரு வழக்கறிஞர் நண்பர் உட்கார்ந்து ஒரு பத்தி எழுதிக் கொடுத்தார். பேட்டி காணப்படுவோர், "முகாமில் வசிப்போரில் தாமாக முன்வரும், 18 வயது நிறைந்தவர்கள்". பொருள், "புலம்பெயர்ந்த வாழ்க்கையும் நினைவுகளும்". பெயர்களைத் தராததற்குக் காரணம், "உயிருக்கும் உறவினர் பாதுகாப்புக்கும் ஊறு நேரக்கூடும் என்பதால்". இதற்கு மாறாக எங்கள் குழுவில் இருக்கும் எல்லாருடைய ஆதார், விலாசம், கேமராக்களின் சீரியல் நம்பர், எந்த நாளில் எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்பதெல்லாம் முழுசாகக் கொடுத்தோம். எங்களைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளட்டும், அவர்களைப் பற்றி ஒன்றும் கிடையாது. எழுத்தர் படித்தார், மேலே அனுப்ப மாட்டேன் என்றார். அப்படியானால் மறுப்பதற்கான காரணத்தை எழுத்தில் கொடுங்கள் என்று கேட்டோம், சத்தம் போடாமல்தான் கேட்டோம். ஃபைல் மேலே போனது. மேலே இருந்த அதிகாரி அதைப் படித்துவிட்டு "இது நியாயம்தானே" என்று கையெழுத்துப் போட்டார் என்று கேள்விப்பட்டபோது, கலெக்டர் ஆபீஸ் வாசலில் டீக்கடையில் நின்று நாங்கள் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டோம்.

அனுமதி கையில் வந்ததும் முதல் நாளே இன்னொரு இடி. விளக்கு, ஸ்டாண்டு எல்லாம் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனால் முகாமில் அன்றைக்கு செக்கிங். எல்லாக் குடும்பமும் வரிசையில் நின்று தங்கள் இருப்பைப் பதிய வேண்டும், மாத உதவித்தொகை அதை வைத்துத்தான். போலீஸ், வருவாய் அலுவலர் எல்லாரும் அங்கே. அந்த நாளைக் குறித்துக் கொடுத்ததே அலுவலகம்தான், அவர்களுக்குத் தெரியாமலா இருக்கும்? கேமராவை வெளியே எடுக்காமல் திரும்பினோம். நீங்கள் போகும் முன் முகாமில் இருப்பவர்களிடமே செக்கிங் என்றைக்கு என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

முகம் காட்ட விரும்பாதவர்களை முகாமுக்குள் வைத்து எடுக்கவே கூடாது. வீடுகள் ஒட்டி ஒட்டி இருக்கும், யார் வீட்டில் விளக்கு எரிகிறது என்று எல்லாருக்கும் தெரியும். அதனால் அந்தப் பேட்டிகளை ஏற்காட்டில் ஒரு நண்பரின் காப்பித் தோட்டத்து வீட்டில் வைத்துக்கொண்டோம். காலையில் கிளம்பி, இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி, வேலைக்குப் போவதுபோல் போய்ச் சாயங்காலம் திரும்பிவிடலாம். அங்கே படுத்தியது தகரக் கூரை. மழை பிடித்தால் ஒரு வார்த்தை ரெக்கார்ட் ஆகாது. மழை நிற்கும்வரை எல்லாரும் அடுப்படியில் உட்கார்ந்து பேசினோம். கேமரா இல்லாத அந்தப் பேச்சில்தான் அக்கா தம்பியைப் பற்றி முதல் தடவையாகச் சிரித்துக்கொண்டே சொன்னார். மணப்பெண் அழும் இடத்தில் கேமராவைக் கீழே இறக்கிவிடுவானாம், அதனாலேயே பாதி வீட்டுக்காரர்கள் சண்டைக்கு வருவார்களாம்.

அடையாளம் மறைப்பது பற்றி. முகத்தை மங்கலாக்கினால் போதும் என்று நினைக்காதீர்கள். கை, மோதிரம், தழும்பு, நாற்காலி, பின்னால் தொங்கும் காலண்டர், எல்லாமே ஆளைக் காட்டிக் கொடுக்கும். குரலைக் கனமாக்கியோ மெலிதாக்கியோ மாற்றுவது வேலைக்கு ஆகாது, அதைத் திருப்பிப் பழைய குரலை எடுத்துவிட முடியும். இன்னொருவரை வைத்துப் பேச வையுங்கள், அவரும் ஈழத் தமிழ் பேசுகிறவராக இருக்கட்டும். போனில் எடுக்கும் படங்களில் இடக்குறிப்பை அணைத்துவிடுங்கள். ஃபைல் பெயரில் ஆள் பெயர் வேண்டாம். பெயரும் எண்ணும் சேர்ந்த தாள் ஹார்ட் டிஸ்க் இருக்கும் வீட்டில் இருக்கக் கூடாது. ஒப்புதலை ஒரு தரம் வாங்கினால் முடிந்தது என்றும் எடுத்துக்கொள்ள வேண்டாம், படத்தை எடிட் செய்த பிறகு அவர்களுக்குப் போட்டுக் காட்டி மறுபடி கேளுங்கள். எங்களிடம் ஒருவர் அப்போதுதான் வேண்டாம் என்றார். முழுப் பேட்டியையும் படத்திலிருந்து நீக்கிவிட்டோம்.

கேசட்டுகளைக் கணினியில் ஏற்றுவதற்கு ஓடுகிற டெக் தேடி சேலத்தில் பழைய வீடியோ கடைகளில் விசாரித்துச் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஒருவரிடம் கிடைத்தது. காசே வாங்கவில்லை அவர்.

இலங்கைப் பயணம் இதைவிடச் சுலபமாக முடிந்தது என்றால் நம்புவீர்களா? சுற்றுலா விசாவில் போய்ச் சத்தமில்லாமல் எடுத்துவிடலாம் என்று பலரும் யோசனை சொன்னார்கள். அது வேண்டவே வேண்டாம். மாட்டினால் உங்களைத் திருப்பி அனுப்புவதோடு முடிந்துவிடும், கூட வந்த உள்ளூர்க்காரரை விசாரணைக்குக் கூப்பிடுவார்கள். ஊடகத்துக்கான முறையில் விண்ணப்பித்து, தாமதமானாலும் பொறுத்து, வாங்கிக்கொண்டுதான் போனோம். ட்ரோனை ஊரிலேயே விட்டுவிட்டோம். அங்கே அதற்கு விமானப் போக்குவரத்து ஆணையமும் பாதுகாப்பு அமைச்சும் தனித்தனியாக அனுமதி தர வேண்டும், வடக்கில் அதைக் கையில் வைத்திருப்பதே வம்பு.

சென்னை ஏர்போர்ட்டில் ஒரு வேலையை மறக்காதீர்கள். கிளம்பும்போதே கஸ்டம்ஸில் கேமரா, லென்ஸ் சீரியல் நம்பர்களைக் காட்டி ஏற்றுமதிச் சான்று வாங்கிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் திரும்பும்போது அதே கேமராவுக்குத் தீர்வை கட்டு என்பார்கள். கவுண்டரில் ஆளைத் தேடிப் பிடிக்கவே நேரமாகும், அதனால் முன்னதாகப் போங்கள். பேட்டரி எல்லாம் கைப்பையில்தான் போக வேண்டும். 100 வாட்-அவர் (Wh) தாண்டினால் விமான நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும், 160ஐத் தாண்டினால் ஏற்றவே மாட்டார்கள். யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்துக்குப் போவது சின்ன ஏடிஆர் விமானம், எடையில் கறார்.

முல்லைத்தீவில் நாங்கள் வண்டியை விட்டு இறங்கிய கொஞ்ச நேரத்திலேயே மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர் வந்தார்கள், சீருடை இல்லை. எங்கள் காகிதங்களைப் பார்த்தார்கள், எல்லாம் சரியாக இருந்தது. பிறகு எங்களிடம் ஒன்றும் கேட்கவில்லை. டிரைவர் அண்ணனிடம் போய் அவருடைய அடையாள அட்டையை வாங்கிப் படம் எடுத்துக்கொண்டார்கள், வண்டி எண்ணைக் குறித்துக்கொண்டார்கள். நாங்கள் பதறினோம். அவர் சாதாரணமாக வண்டியை எடுத்தார். அங்கே உள்ள செய்தியாளர்களுக்கு இது தினப்படி வாழ்க்கை. காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்கள் 2017இலிருந்து நடத்தும் போராட்டமானாலும், 2023இல் முல்லைத்தீவு மாவட்டத்துக் கொக்குத்தொடுவாயில் மனிதப் புதைகுழி தெரிந்தபோதானாலும், முதலில் போய் நின்று எழுதியது அவர்கள்தான், விசாரணைக்கு அலைவதும் அவர்கள்தான். வெளியிலிருந்து போகிறவர்கள் முதல் நாளே அவர்களிடம் போய் எதை எடுக்கலாம், எந்தத் தெருவில் வண்டியை நிறுத்தக் கூடாது, யாரிடம் பேசினால் அவருக்குச் சிக்கல் என்று கேட்டு அதன்படி நடங்கள். ராணுவ முகாம் வேலி ஒரு ஃபிரேமின் ஓரத்தில் வந்தாலும் அந்த ஷாட்டை விட்டுவிடுங்கள். டிரைவருக்கு நாங்கள் திரும்பி வந்த பிறகும் பல வாரம் போன் செய்து விசாரித்துக்கொண்டிருந்தோம். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்று உறுதியாகத் தெரிந்த பிறகுதான் எடிட்டிங்கில் உட்கார்ந்தோம்.

முகாமில் இன்னும் சில பேட்டிகள் பாக்கி. பழைய அனுமதியின் தேதி முடிந்துவிட்டதால் புதிதாக மனு போட்டிருக்கிறோம். மனு எண் கைக்கு வந்துவிட்டது. எழுத்தர் மாறிவிட்டார், படிவம் மாறவில்லை. அதே பத்தியை அதே இடத்தில் ஒட்டிக் கொடுத்திருக்கிறோம், கூடவே முந்தைய அனுமதி உத்தரவின் நகலையும் இணைத்திருக்கிறோம். வருகிற திங்கட்கிழமை போய்க் கேட்க வேண்டும்.