மழைநாள்ல கிடைச்ச ஒரு பழைய புத்தகம்

ராத்திரி தூக்கம் வராம மேரி ஷெல்லியோட ஃபிராங்கென்ஸ்டைன் நாவலை மறுபடி எடுத்தேன், ஆரம்பத்துலயே ஒரு இடத்துல அப்படியே நின்னுட்டேன்.

கதைநாயகன் விக்டருக்கு அப்போ பதிமூணு வயசு. குடும்பத்தோட ஊர் சுத்தப் போன இடத்துல வானிலை மோசமாகி நாள் முழுக்க விடுதிக்குள்ளயே அடைஞ்சு கிடக்கான், அங்கதான் மாய மந்திரம் பத்தி எழுதின கார்னேலியஸ் அக்ரிப்பாவோட புத்தகம் ஒண்ணு கைக்கு கிடைக்குது. 1533ல மறைஞானத் தத்துவத்தை மூணு நூலா முழுசா அச்சுக்கு கொண்டுவந்த அதே அக்ரிப்பா.

பையன் ஆசையா அப்பாகிட்ட காட்டுறான். அவரு தலைப்புப் பக்கத்தை மேலோட்டமா பாத்துட்டு, குப்பை, இதுக்கு நேரத்தை வீணாக்காதன்னுட்டு விட்டுடுறாரு.

ஏன் குப்பைன்னு அன்னிக்கு விளக்கியிருந்தா தூக்கிப் போட்டிருப்பேன்னு பின்னாடி விக்டரே சொல்றான். அந்த வரி என்னை என்னவோ பண்ணிடுச்சு.

அடுத்து பாராசெல்சஸ்ங்கிற பழைய ரசவாத மருத்துவரை தேடிப் படிக்கிறான். குடுவைக்குள்ள குட்டி மனுஷனை வளக்குற செய்முறையே அவர் பேர்ல இருக்கிற ஒரு நூல்ல உண்டு. அப்புறம் காலேஜ்ல கெமிஸ்ட்ரி வந்து ரசவாதத்தை ஓரங்கட்டுது, ஆனா உயிரை உருவாக்குற கனவு மட்டும் அப்படியே இருக்கு, கருவிதான் மாறுது.

1818ல வந்த இந்த நாவலைத்தான் நிறைய பேர் முதல் சயின்ஸ் ஃபிக்‌ஷன்னு சொல்றாங்க. அதுக்கப்புறம் வந்த டெலிபதி, இறந்தவங்க நினைவை மெஷின்ல ஏத்துறது, ரோபோவுக்கு உயிர் வர்றது எதைப் படிச்சாலும் எனக்கு அந்த விடுதி ரூமும், பக்கத்தை புரட்டிட்டிருக்கிற அந்தப் பையனும்தான் கண்ணுல வர்றாங்க.