முதலில் பணம், பிறகு கேள்வி

இங்கிலாந்தில் ஒரு கவுன்சிலில், அதாவது உள்ளாட்சி அமைப்பில், கடைகளிடமும் கம்பெனிகளிடமும் கட்டட வரி வசூலிக்கும் பிரிவில் வேலை பார்க்கிறேன். பிசினஸ் ரேட்ஸ் என்பார்கள். எங்கள் கடிதம் வந்தாலே கடைக்காரர்களுக்கு எரிச்சல் வரும். 2020 மார்ச்சில் அது தலைகீழானது. கொரோனா முடக்கத்தையொட்டி மார்ச் 17 அன்று நிதியமைச்சர் ரிஷி சுனக் அறிவித்தார்: சிறு தொழில்களுக்கு 10,000 பவுண்டு, உணவகம், சில்லறைக் கடை, விடுதி போன்றவற்றுக்கு 25,000 பவுண்டு வரை. கடன் இல்லை, மானியம். அதைக் கையில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியது இங்கிலாந்தின் 300-க்கும் மேற்பட்ட கவுன்சில்கள், அதாவது எங்களைப் போன்ற வரிப் பிரிவுகள்.

ஏன் நாங்கள் என்றால், எந்த முகவரியில் யார் இருக்கிறார்கள் என்ற பட்டியல் எங்களிடம்தான் இருந்தது. ஆனால் அது கட்டடங்களின் பட்டியல், தொழில்களின் பட்டியல் அல்ல, இந்த வித்தியாசத்தில்தான் அப்புறம் வந்த தலைவலியெல்லாம் அடங்கியிருந்தது. கட்டடத்தின் வரி மதிப்பு 12,000 பவுண்டுக்குள் இருந்து, அந்த ஒரே இடத்தை வைத்திருப்பவருக்கு இங்கே பொதுவாக வரியே கிடையாது. வரி கட்டாதவரின் வங்கிக் கணக்கு எண் எங்களிடம் எப்படி இருக்கும்? இல்லை. கடையைக் காலி செய்துவிட்டு எங்களிடம் சொல்லாமல் போனவரின் பெயர் பட்டியலில் அப்படியே இருந்தது. மார்ச் 11 அன்று யார் பெயர் இருந்ததோ அவருக்குத்தான் பணம் என்பது விதி. ஒரே கட்டடத்துக்குள் மேசை வாடகைக்கு எடுத்து உண்மையாகவே தொழில் செய்தவர்களின் பெயர் பட்டியலிலேயே இல்லாததால் முதல் சுற்றில் ஒன்றும் கிடைக்கவில்லை. தனியார் குதிரை லாயம், கடற்கரைக் குடில், படகைக் கட்டி நிறுத்தும் இடம், கார் நிறுத்துமிடம் இதற்கெல்லாம் கொடுக்கக் கூடாது என்று வழிகாட்டுதலில் தனியாக எழுதியிருந்தார்கள். இதெல்லாமும் பிசினஸ் ரேட்ஸ் பட்டியலில் இருக்கின்றன என்பதே நிறையப் பேருக்கு அப்போதுதான் தெரிந்தது.

யோசிக்க நேரம் தரவில்லை. எந்தக் கவுன்சில் எவ்வளவு கொடுத்து முடித்தது என்று அரசாங்கம் பட்டியல் வெளியிட ஆரம்பித்தது. கீழே இருக்கும் கவுன்சிலை உள்ளூர்ப் பத்திரிகை காய்ச்சி எடுக்கும். ஒவ்வொரு பணத்துக்கும் முன்னால் என்ன சரிபார்த்தீர்கள் என்று கேட்கும் பட்டியல் எதுவும் வரவில்லை. வேகத்தை மட்டும் அளந்தால் வேகம்தான் கிடைக்கும், அதில் என்ன ஆச்சரியம். நான் தமிழ் பேசுவேன் என்று எப்படியோ தெரிந்துகொண்ட ஒரு யாழ்ப்பாணக் கடைக்காரர் போனில், "தம்பி, பக்கத்துக் கடைக்காரனுக்குக் காசு வந்திட்டுது, எனக்கேன் இன்னும் வரேல்லை?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அவர் கடையின் வரி மதிப்பு 51,000 பவுண்டு என்ற எல்லைக் கோட்டைத் தாண்டியிருந்தது, அதனால் ஒன்றும் கிடையாது. வரி மதிப்பு என்பது பெரும்பாலும் வாடகைக் கணக்கு. லண்டன் பக்கம் வாடகை அதிகம் என்பதற்காக அவர் பணக்காரர் ஆகிவிடுவாரா? அந்தக் கோட்டைப் போட்டவர் நான் இல்லை, ஆனால் திட்டு வாங்கியது நான்.

கோட்டைப் போட்டவர்களை இங்கே யார் கேட்பார்கள் என்பது இந்த வேலையில்தான் எனக்குப் புரிந்தது. ஒவ்வொரு துறையிலும் செலவாகும் பணத்துக்கு நாடாளுமன்றத்திடம் நேரில் பதில் சொல்லக் கடமைப்பட்ட அதிகாரி ஒருவர் உண்டு, பொதுவாகத் துறையின் செயலர்தான். ஒரு திட்டம் போடும் காசுக்குத் தகாது என்று அவருக்குத் தோன்றினால், அமைச்சரிடம் எழுத்தில் உத்தரவு கேட்கலாம். அமைச்சர் எழுதிக் கொடுத்தால் செய்தாக வேண்டும், ஆனால் பொறுப்பு அமைச்சருடையது. அந்தக் கடிதம் தலைமைத் தணிக்கையாளருக்குப் போகும், பிறகு வெளியிடப்படும். நம் ஊர் அலுவலகங்களில் "மேலேயிருந்து சொல்லிட்டாங்க" என்ற ஒரு வரியில் முடிந்துவிடும் சமாச்சாரம் இது. 2020 மே 4 அன்று தொடங்கிய 'பவுன்ஸ் பேக்' கடன் திட்டத்தில் 50,000 பவுண்டு வரை கடன், முழுத் தொகைக்கும் அரசு உத்தரவாதம், வருமானத்தைக் கடன் வாங்குபவரே எழுதிக் கொடுத்தால் போதும். மோசடிக்கு வழி இருக்கிறது என்று பிரிட்டிஷ் பிசினஸ் பேங்க் என்ற அரசு வங்கியின் தலைமை நிர்வாகி தொடங்குவதற்கு முன்பே எழுத்தில் எச்சரித்தார். எழுத்தில் உத்தரவு வந்தது, திட்டம் நடந்தது, 4,600 கோடி பவுண்டுக்கு மேல் போனது. 2022 ஜனவரி 24 அன்று, மோசடித் தடுப்புக்குப் பொறுப்பான இணையமைச்சர் அக்னியூ பிரபு மேல்சபையில் பேசிக்கொண்டே அங்கேயே பதவி விலகினார். கொரோனா வந்தபோது வியாபாரமே செய்யாத ஆயிரத்துக்கும் மேற்பட்ட கம்பெனிகளுக்குக் கடன் போயிருக்கிறது என்பது அவர் சொன்ன குற்றச்சாட்டுகளில் ஒன்று. விலகியது ஆளுங்கட்சிக்காரர், விலகக் காரணம் அவருடைய சொந்த அரசாங்கம்.

ஆனால் இதைப் பார்த்து ஒரேயடியாகப் புல்லரித்துப் போகவும் வேண்டாம். கவுன்சில்கள் வழியாகக் கொடுத்த மானியங்கள் எல்லாம் சேர்த்து 2,260 கோடி பவுண்டு. அதில் மோசடியிலும் தவறிலும் போனது சுமார் 110 கோடி என்று துறையே மதிப்பிட்டது, பெரும்பகுதி அந்த முதல் சுற்று அவசரத்தில் போனது. எதிர்க்கட்சி உறுப்பினர் தலைமையில் இயங்கும் பொதுக் கணக்குக் குழு 2023-ல் விசாரித்தபோது திரும்பி வந்திருந்தது அதில் 2 சதவீதத்துக்கும் குறைவு. அதற்குள் சுனக் பிரதமராகியிருந்தார். மானியம் கொடுத்த வணிகத் துறையோ நான்கு அமைச்சர்களைப் பார்த்துவிட்டு, 2023 பிப்ரவரியில் துண்டு துண்டாகப் பிரிக்கப்பட்டு பெயரே இல்லாமல் போயிருந்தது. கேள்வி கேட்க ஆள் இருந்தார்கள், கேட்கப்பட வேண்டிய நாற்காலிதான் காணாமல் போனது. எங்கள் மேசைகள் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தன, அதனால் இந்தக் கோப்பில் என்ன ஆதாரம் பார்த்தீர்கள் என்ற கேள்வி எங்களிடம் தவறாமல் வந்தது. தவறாக வாங்கியவருக்கு நினைவூட்டல் கடிதங்கள் அனுப்பினோம், பதில் இல்லையென்றால் கோப்பைத் துறைக்கு அனுப்பிவிடலாம் என்றிருந்தது. கடிதம் போய்ச் சேர்ந்தபோது பல கம்பெனிகள் கலைக்கப்பட்டிருந்தன.

கேள்வி கேட்டதற்குப் பலன் உண்டு என்று நான் கண்ணால் பார்த்தது பணம் திரும்பி வந்ததில் இல்லை, படிவத்தில். பவுன்ஸ் பேக் கடன்களில் 1,500 கோடி முதல் 2,600 கோடி பவுண்டு வரை நட்டமாகலாம் என்று தேசிய தணிக்கை அலுவலகம் 2020 அக்டோபரிலேயே எழுதியது. அதற்குப் பிறகு வந்த மானியச் சுற்றுகளில் பணம் போவதற்கு முன்பே வங்கிக் கணக்கையும் கம்பெனி இயங்குகிறதா என்பதையும் சரிபார்க்கச் சொன்னார்கள். 2021 டிசம்பரில் ஒமிக்ரான் சமயத்தில் உணவகங்களுக்கு 6,000 பவுண்டு வரை கொடுத்தபோது விண்ணப்பம் நீளமாகிவிட்டது, பணம் போக நாளாயிற்று, "போன தடவை இவ்வளவு கேக்கலையே" என்று எல்லாருமே சத்தம் போட்டார்கள். போன தடவை கேட்காததால்தான் இந்தத் தடவை கேட்கிறோம் என்று சொல்லி, வங்கி அறிக்கையின் முதல் பக்கத்தை அனுப்பச் சொன்னேன்.