ஸ்கூல் பஸ்: ஏறுகிற, இறங்குகிற அந்த ஒரு நிமிடம்

ஸ்கூல் பஸ் பாதுகாப்பு என்று பேச்செடுத்தாலே, சீட் பெல்ட் இருக்கா, கேமரா இருக்கா, ஜிபிஎஸ் இருக்கா என்றுதான் பெற்றோர் முதலில் கேட்கிறோம். கேட்க வேண்டியதுதான், தப்பே இல்லை. ஆனால் கொஞ்ச காலமாக இந்த விஷயத்தைத் தேடித் தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன், படிக்கப் படிக்க என் கவலை வேறு பக்கம் திரும்பிவிட்டது. பிள்ளை பஸ்ஸுக்குள் உட்கார்ந்திருக்கிற முக்கால் மணி நேரத்தைவிட, ஏறி இறங்கி ரோட்டைக் கடக்கிற அந்த ஒரு நிமிடத்துக்குத்தான் நாம் அதிகம் பயப்பட வேண்டும்.

உள்ளே நடந்திருக்கிற வேலையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். 1960களிலேயே கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பஸ்களை நிஜமாகவே மோதவிட்டு, உள்ளே வைத்த பொம்மைகளுக்கு என்ன ஆகிறது என்று பார்த்தார்கள். முதுகுச் சாய்வு உயரமாக, நல்ல மெத்தை வைத்ததாக, சீட்டுகள் நெருக்கமாக இருந்தால் மோதலின் வேகத்தை முன் சீட்டே வாங்கிக்கொள்ளும் என்ற யோசனை வலுப்பெற்றது அப்படித்தான். அது 1977 ஏப்ரலில் அமெரிக்காவில் சட்டமாகவே ஆனது. பக்கவாட்டில் இடித்தாலோ வண்டி உருண்டாலோ இது மட்டும் போதாது என்று தெரிந்த பிறகு, தோளோடு சேர்த்துப் போடுகிற பெல்ட் பெரிய பஸ்களிலும் வேண்டும் என்று 2018ல் அந்நாட்டு விபத்து விசாரணை வாரியம் மாநிலங்களுக்குப் பரிந்துரைத்தது. எனக்கு அது சரியென்றே படுகிறது.

1988ல் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் கேரல்டன் ஊர் அருகே நடந்ததைப் படித்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. அந்த 1977 விதிகள் அமலுக்கு வருவதற்குச் சற்று முன்னால் கட்டிய ஒரு பழைய ஸ்கூல் பஸ், எதிரே குடிபோதையில் ஒருவர் ஓட்டி வந்த வண்டி. மோதலில் யாரும் சாகவில்லை. டீசல் இல்லை, பெட்ரோல் வண்டி. டேங்க் கிழிந்து தீப்பிடித்தது, முன்கதவு அடைபட்டுப்போக, பின்னால் இருந்த ஒரே ஒரு கதவை நோக்கி எல்லாரும் முண்டியடித்ததில் 27 பேர் உயிரிழந்தார்கள். அவசர வழிகள் எத்தனை, எங்கே என்று இன்று விதிகளில் இருப்பதன் பின்னால் அந்த உயிர்கள் இருக்கின்றன.

சரி, வெளியே வருவோம். 1970லிருந்து கான்சஸ் மாநிலக் கல்வித்துறை ஒரு கணக்கு வைத்திருக்கிறது: அமெரிக்கா முழுக்க, ஏறும்போதும் இறங்கும்போதும் இறந்த பிள்ளைகள் எத்தனை பேர், எப்படி என்று. பெரும்பாலானவர்கள் 9 வயதும் அதற்குக் கீழும். அதைவிட மனதை அறுப்பது, அவர்களில் கணிசமானவர்களை இடித்தது தாங்கள் இறங்கிய அதே பஸ். பஸ்ஸைச் சுற்றி 3 மீட்டர் தூரத்தை அபாயப் பகுதி என்று சொல்லிக்கொடுப்பது இதனால்தான். ஒரு தாள் காற்றில் பறந்து பம்பருக்கு முன்னால் விழுகிறது, பிள்ளை குனிந்து எடுக்கிறது; உயரத்தில் உட்கார்ந்திருக்கிற டிரைவருக்கு அங்கே வெறும் ரோடுதான் தெரியும். பிள்ளை பம்பரை ஒட்டி நடக்காமல் தடுக்க முன்பக்கம் நீட்டிக்கொள்ளும் கம்பி, பம்பருக்கு முன்னால் இருப்பதை டிரைவருக்குக் காட்டுகிற குறுக்குக் கண்ணாடிகள், இப்போது வந்திருக்கிற சென்சார்கள் எல்லாமே அந்த ஒரு கணத்துக்காகத்தான்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த கண்டுபிடிப்புக்குச் செலவே கிடையாது. இறங்கும்போது மேல்சட்டையின் கயிறோ புத்தகப் பையின் வாரோ படிக்கட்டுக் கைப்பிடிக்கும் சுவருக்கும் நடுவிலுள்ள இடுக்கில் மாட்டிக்கொள்ள, கதவு மூடி பஸ் நகர, பிள்ளைகள் இழுபட்டு இறந்திருக்கிறார்கள். அதற்குக் கொண்டுவந்த சோதனை: ஒரு நூலின் முனையில் அரை அங்குல நட்டு ஒன்றைக் கட்டி, பிள்ளை இறங்குகிற மாதிரியே கைப்பிடி ஓரமாக இழுத்துக்கொண்டு வர வேண்டும். எங்காவது சிக்கினால் கைப்பிடியை மாற்று. அவ்வளவுதான். எந்த ஊர் பஸ்ஸிலும் யார் வேண்டுமானாலும் அரை நிமிடத்தில் செய்து பார்க்கலாம்.

பிள்ளைகள் ஏறி இறங்க ஸ்கூல் பஸ் நின்று அதன் சிவப்பு விளக்கு எரிந்தால் மற்ற வண்டிகள் நிற்க வேண்டும் என்பது அமெரிக்காவில் விதி; அப்போதும் நிற்காமல் தாண்டிப் போகிற வண்டிகள் தனிக் கொடுமை. அங்கே ஸ்கூல் பஸ் டிரைவர்களை அப்படிப்பட்ட வண்டிகளை ஒரே ஒரு நாள் எண்ணச் சொல்லி, அதை வைத்து ஆண்டுக்குப் போட்ட கணக்கு 2023ல் 4 கோடியைத் தாண்டியது. அதற்குத்தான் பஸ்ஸின் பக்கவாட்டில் கேமரா வைத்து அபராதம் போடுகிறார்கள். போடட்டும். ஆனால் அந்தப் பிள்ளை ரோட்டைக் கடக்கவே தேவையில்லாதபடி அதன் வீட்டுப் பக்கமே நிறுத்தத்தை வைத்திருந்தால்? இதை முடிவு செய்வது டிரைவர் இல்லை, ரூட் போடுகிறவர்.

ரூட் போடுவதில் இப்போது கணிதம் பெரிய அளவில் இறங்கிவிட்டது. 2017ல் பாஸ்டன் நகரப் பள்ளிகளுக்காக எம்ஐடி பல்கலைக்கழகக் குழு எழுதிய அல்காரிதம் (கணினிக்கான கணக்குமுறை) சுமார் 50 பஸ்களைக் குறைத்துக் காட்டியது. பெரிய சாதனைதான், மறுக்கவில்லை. அதே குழுவின் கணக்கை வைத்துப் பள்ளி தொடங்கும் நேரங்களை மாற்றப் போனபோது பெற்றோர் கொதித்தெழுந்து, திட்டத்தையே கைவிட வேண்டியதாயிற்று. அப்புறம் 2023 ஆகஸ்டில் கென்டக்கியின் லூயிவில் நகரம். டிரைவர் பற்றாக்குறை, ரூட்டுகளைக் குறைத்து மென்பொருளில் புதிதாகப் போட்ட திட்டம், பள்ளி திறந்த முதல் நாளே கடைசிப் பிள்ளை வீடு போய்ச் சேரும்போது இரவு 10 மணி ஆகப்போகிறது. பள்ளிகளையே பல நாள் மூட வேண்டி வந்தது.

ஒரு முதல் வகுப்புப் பிள்ளை படியேற எத்தனை நொடி, எந்த முனையில் லாரி நின்று மறைக்கும், எந்தத் தெருவில் மழை பெய்தால் நடைபாதையே இருக்காது, இதெல்லாம் டிரைவருக்கும் உதவியாளருக்கும் மனப்பாடம். அவர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேட்காமல் போடுகிற ரூட் எதையும் நான் நம்ப மாட்டேன். பஸ் எண்ணிக்கையையும் கிலோமீட்டரையும் குறைக்கச் சொன்னால் கணினி அதைத்தான் குறைக்கும், ரோட்டைக் கடக்கிற பிள்ளைகளின் எண்ணிக்கையையும் குறைக்கச் சொன்னால் அதையும் குறைக்கும். சொல்கிறோமா என்பதுதான் கேள்வி.

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் ஜிபிஎஸ் பற்றிக் கேட்ட கையோடு இதையும் கேளுங்கள்: நம் பஸ் ரூட்டில் எத்தனை பிள்ளைகள் இறங்கியதும் ரோட்டைக் கடக்கிறார்கள், அந்தப் பட்டியல் யாரிடம் இருக்கிறது?