இரண்டு நண்பர்கள், ஒரு காலை வெளிச்சம்

வரும் ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு நண்பர்களைப் போர்ட்ரெய்ட், அதாவது முகத்தை மையமாக வைத்த படம், எடுக்கப் போகிறேன். கேமரா வாங்கி ஆறு மாதம்தான் ஆகிறது. அதனால் எதையும் அந்த நேரத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடாமல் முன்கூட்டியே யோசித்து வைத்திருக்கிறேன்.

இதற்கு முன் ஒருமுறை ஐந்து நண்பர்களைச் சேர்த்து அழைத்து, எல்லோருக்கும் தோதான நேரம் என்று நண்பகலில் கூடினோம். வெயில் உச்சந்தலையில் நேராக இறங்கியதால் புருவத்தின் நிழல் கண்களை மறைத்துவிட்டது. மூக்கின் நிழல் மேலுதட்டில் கறுப்பாகப் படிந்திருந்தது. ஒருவரை எடுக்கும்போது மற்ற நால்வரும் சுற்றி நின்று பார்த்ததில் யாருக்கும் கூச்சம் விலகவே இல்லை. எடுத்த படங்களில் ஒரு முகம்கூட நான் பழகி அறிந்த முகமாக இல்லாதது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது.

ஆகவே இம்முறை வெளிச்சத்தை முதலில் முடிவு செய்துவிட்டு, இடத்தை அதன் பிறகு தேடினேன். சூரியன் உதித்த முதல் ஒரு மணி நேரம் வெளிச்சம் சாய்வாகவும் மென்மையாகவும் வரும். அது கடந்துவிட்டால் ஏதாவதொரு கட்டடத்தின் நிழலுக்குள், விளிம்பிலிருந்து ஓரிரு அடி உள்ளே, திறந்த வானத்தைப் பார்த்தபடி நிற்கச் சொல்லலாம். அப்படி நிற்பவரின் கருவிழியில் வானம் ஒரு சிறு வெண்புள்ளியாகத் தெரியும். அந்தப் புள்ளி இல்லாத கண்கள் படத்தில் சோர்ந்து போய்விடுகின்றன. சென்ற வாரம் அதே காலை நேரத்தில், தேர்ந்தெடுத்த இடத்துக்குத் தனியாகப் போய், கையை நீட்டி விரல்களை மடக்கிக்கொண்டு நின்ற இடத்திலேயே மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தேன். எந்தத் திசையில் விரல்முட்டிகளின் நிழல் கடுமையாக விழுகிறது, எந்தத் திசையில் கரைந்துவிடுகிறது என்பது கண்ணெதிரே தெரிந்தது. முகத்திலும் நிழல் அப்படித்தான் விழும்.

என்னிடம் இருப்பது ஏ.பி.எஸ்.-சி எனப்படும் நடுத்தர அளவு சென்சார் (படம் பதியும் சில்லு) கொண்ட கேமராவும் 50 எம்.எம். எஃப் 1.8 லென்ஸும்தான், தொடங்குபவருக்கு இதற்கு மேல் எதுவும் தேவையில்லை என்பது என் கருத்து. எஃப் எண் லென்ஸின் திறப்பைக் குறிக்கும்; எண் சிறிதானால் திறப்பு பெரிது, பின்னணி அதிகம் மங்கும். கைக்கெட்டும் தூரத்தில் நெருங்கி நின்று எடுத்தால் மூக்கு பெரிதாகவும் காதுகள் சிறிதாகவும் தெரியும் என்பதால், ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் தள்ளி நிற்பேன். பின்னணி மங்கலாக வேண்டும் என்ற ஆசையில் எஃப் 1.8-இலேயே எல்லாவற்றையும் எடுத்தது நான் செய்த இன்னொரு பிழை. ஒன்றரை மீட்டர் தூரத்தில் அந்தத் திறப்பில் முன்பின்னாகத் தெளிவாக விழும் ஆழம் ஏறக்குறைய 6 சென்டிமீட்டர்தான். முகத்தைச் சற்றுத் திருப்பினால் ஒரு கண் கூர்மையாகவும் மற்றது மங்கலாகவும் போய்விடும். எஃப் 2.8-இல் தொடங்கி, அருகிலுள்ள கண்ணில் ஃபோகஸ் வைத்து, பின்னணி மங்குவதற்கு நண்பரைச் சுவரிலிருந்து மூன்று நான்கு மீட்டர் முன்னால் நிறுத்துவது நல்ல வழி. இருவரையும் சேர்த்து எடுக்கும்போது எஃப் 5.6 வரை போவேன். அசைவு பதியாமலிருக்க, ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை 1/200 நொடிக்கு மேல் நீட்ட மாட்டேன். வெளிச்சம் போதாவிட்டால் ஐ.எஸ்.ஓ.வை, அதாவது படத்தைப் பிரகாசமாக்கும் அமைப்பை, கூட்டிக்கொள்வேன், ஏனெனில் அதனால் புள்ளிகள் தெரியும் படத்தைத் திருத்தலாம், அசைந்த படத்தைத் திருத்த முடியாது.

இரண்டு பேர் என்று முடிவு செய்ததற்கு ஒரு காரணம் உண்டு. ஒருவரை எடுக்கும்போது மற்றவர் பெரிய வெள்ளை அட்டை ஒன்றை, வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பும்படி, நிழல் விழும் கன்னத்தின் பக்கமாகப் பிடித்துக்கொள்வார். பிறகு இடம் மாறிக்கொள்வார்கள். வேலை கையில் இருப்பதால் வேடிக்கை பார்ப்பவர் என்று யாரும் இருக்க மாட்டார்கள். பளிச்சென்ற பச்சையோ சிவப்போ வேண்டாம், அந்த நிறம் தாடையில் பிரதிபலிக்கும் என்று உடையைப் பற்றி மட்டும் இருவரிடமும் சொல்லியிருக்கிறேன். பேட்டரியும் மெமரி கார்டும் முந்தைய இரவே தயாராகிவிடும்.

"சிரி" என்று சொல்லப் போவதில்லை. ஏதாவது கேட்பேன்; பதில் சொல்லி முடித்து உதடுகள் தளர்கிற அந்தக் கணத்தில் ஷட்டரை அழுத்துவேன். முதல் பத்து நிமிடப் படங்கள் பழகிக்கொள்வதற்கு மட்டுமே. எந்தப் படத்தைப் பிறருக்குக் காட்டலாம் என்பதை அவர்களே சொல்லட்டும் என்றும் பேசி வைத்திருக்கிறோம்.

அப்படிப் பேசும்போதுதான், தன் இடது புருவத்தின் மேல் ஒரு தழும்பு இருப்பதால் எந்தப் படத்திலும் அந்தப் பக்கத்தைக் காட்டியதில்லை என்று இருவரில் ஒருவன் சொன்னான். பத்தாண்டுப் பழக்கத்தில் நான் கவனிக்காத விஷயம் அது. அதனால் அவனை நிறுத்தும் இடத்தை மாற்றி, வெளிச்சம் அவனுடைய வலப்பக்கத்திலிருந்து வரும்படி குறித்து வைத்திருக்கிறேன். முகத்தின் இடப்பக்கத்தைக் காட்டச் சொல்ல மாட்டேன். பேச்சின் நடுவே அவனாகவே அந்தப் பக்கத்தைக் காட்டினால், எடுக்கட்டுமா என்று கேட்டுவிட்டுத்தான் எடுப்பேன்.