ஏழு வார்த்தைகள், நான்கு வாத்தியங்கள்: இறையியலும் குவார்டெட்டும் சேர்த்துப் படிக்க நினைப்பவர்களுக்கு

வேலைக்குப் போய்க்கொண்டே இறையியல் படிக்க ஆசைப்படுபவர்கள் நெல்லைச் சீமையில் நிறையப் பேர் இருக்கிறார்கள். குருவானவர் ஆகும் எண்ணம் அவர்களுக்கு இருக்காது. ஞாயிறு பிரசங்கத்தில் அடங்காத கேள்விகள் உள்ளே கிடந்து உறுத்தும், அவ்வளவுதான். இன்னொரு பக்கம், பாடகர் குழுவில் வயலின் பிடித்து வளர்ந்து, லண்டன் டிரினிட்டி கல்லூரியின் இசைத் தேர்வு கிரேடுகளை ஒவ்வொன்றாகத் தாண்டி, அதற்குமேல் எங்கே போவதென்று தெரியாமல் நிற்பவர்களும் உண்டு. நான் இரண்டு கூட்டத்திலும் இருந்தவள். பாளையங்கோட்டையில் ஒரு பள்ளியில் வேலை பார்த்துக்கொண்டே இறையியல் பட்டங்கள் தரும் செராம்பூர் செனட்டின் வெளிநிலைப் படிப்பையும் வயலின் எட்டாம் கிரேடையும் ஏறக்குறைய ஒரே காலத்தில் படித்து முடித்தேன். "ரெண்டையும் எப்படிக்கா சமாளிச்சீங்க?" என்று சபையில் தம்பி தங்கச்சிகள் கேட்கிறார்கள். இரண்டும் சேர்ந்து என் விசுவாசத்தை என்ன செய்தன என்று சொல்லத்தான் எனக்கு ஆசை. தேர்வு யோசனைகளும் அதற்குள்ளேயே வரும்.

இரண்டுக்கும் பொதுவாக ஒரே ஒரு வேதபகுதியைப் பிடித்துக்கொள்ளுங்கள். முதலில் சொல்ல வேண்டியது இதுதான். நான் பிடித்தது சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகள். அதற்கு ஒரு காரணம் உண்டு. ஸ்பெயினில் காதிஸ் என்ற ஊரில் பெரிய வெள்ளி ஆராதனைக்காக, ஆஸ்திரியாவின் ஜோசப் ஹைடன் 1786-87-ல் இந்த ஏழு வார்த்தைகளுக்கும் ஆர்க்கெஸ்ட்ரா இசை எழுதினார். 1787-லேயே அதை இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ கொண்ட குவார்டெட்டுக்கும் மாற்றினார். தொடக்கமாக ஒரு பகுதி, வார்த்தைக்கு ஒன்றாக ஏழு மெதுவான பகுதிகள், கடைசியில் இயேசு மரித்தபோது உண்டான பூமியதிர்ச்சியைக் காட்டும் ஒரு பகுதி. அந்த ஆராதனை நடந்த முறையையும் அவரே பிற்பாடு எழுதி வைத்திருக்கிறார். சுவர், ஜன்னல், தூண் எல்லாவற்றையும் கறுப்புத் துணியால் மூடிவிடுவார்களாம். நடுவில் ஒரே ஒரு விளக்கு தொங்கும். நண்பகலில் கதவுகளை அடைத்துவிடுவார்கள். பிஷப் பிரசங்க பீடத்தில் ஏறி ஒரு வார்த்தையைச் சொல்லி விளக்குவார், பிறகு இறங்கி வந்து பலிபீடத்தின் முன் முழங்காலிடுவார். அந்த இடைவெளியை இசை நிரப்பும். அப்புறம் இரண்டாம் வார்த்தை.

இதைப் படித்தபோது எனக்கு அந்நியமாகவே படவில்லை. பன்னிரண்டு மணி முதல் மூன்று மணி வரை நம் சபைச் சேகரங்களில் நடக்கும் பெரிய வெள்ளி ஆராதனையும் இப்படித்தானே போகிறது? ஒரு வார்த்தை, ஒரு பிரசங்கம், ஒரு பாட்டு, ஒரு ஜெபம். சின்ன வயதிலிருந்தே அந்த மூன்று மணி நேரத்தில் உட்கார்ந்து பழகிய நமக்கு ஹைடனின் இசை அமைப்பை யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இனி படிப்புக்கு வருகிறேன். வெளிநிலை இறையியல் படிப்பில் பழைய ஏற்பாடு, புதிய ஏற்பாடு, திருச்சபை வரலாறு, கோட்பாடு, ஒழுக்கவியல் என்று பல பாடங்கள் வரும். எல்லாவற்றையும் ஒரே வேகத்தில் படித்தால் குறிப்புகள் சேரும், மனதில் ஒன்றும் தங்காது. புதிய ஏற்பாட்டுப் பாடத்தைத் தொடங்கியதும் நான் ஒரு நீளக் கணக்கு நோட்டை வாங்கி, பக்கத்துக்கு நான்கு பத்தி கோடு போட்டு, மத்தேயு, மாற்கு, லூக்கா, யோவான் என்று தலைப்பிட்டேன். ஏழு வார்த்தைகளையும் அவை வரும் சுவிசேஷத்தின் கீழே எழுதினேன். உடனே ஒன்று கண்ணில் பட்டது. எந்தச் சுவிசேஷத்திலும் ஏழும் இல்லை. லூக்காவில் மூன்று, யோவானில் வேறு மூன்று. மத்தேயுவுக்கும் மாற்குவுக்கும் சேர்த்து ஒன்றே ஒன்று, வரிசையில் நான்காவது: "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்?"

பெரிய வெள்ளிதோறும் ஒன்று முதல் ஏழு வரை வரிசையாகக் கேட்டு வந்தவளுக்கு இது ஆழமாகப் போய்த் தைத்தது. மாற்குவை மட்டும் வாசித்தால் சிலுவையில் மன்னிப்பு வார்த்தை கிடையாது, கள்ளனுக்குப் பரதீசு கிடையாது, தாய்க்கு ஆறுதல் கிடையாது. ஒரு கதறல்தான் இருக்கிறது. அப்புறம் மகா சத்தமிட்டு ஜீவனை விடுகிறார். லூக்காவிலோ கடைசி மூச்சுகூடப் பிதாவின் கைகளில் ஒப்புக்கொடுக்கும் ஜெபமாக வருகிறது. "இவர்களுக்கு மன்னியும்" என்ற லூக்கா 23:34 சில மிகப் பழைய கையெழுத்துப் பிரதிகளில் இல்லை என்பதும் இந்தப் படிப்பில் தெரியவரும். இந்த இடத்தில் சிலர் பயந்து புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். தயவுசெய்து மூடாதீர்கள். படிப்பு உங்களுக்குக் கொடுக்க இருப்பது இதற்கு அடுத்த அடியில்தான் இருக்கிறது.

அந்த அடியை நான் குவார்டெட்டில் எடுத்து வைத்தேன். எல்லா வாத்தியங்களின் நோட்டும் சேர்ந்திருக்கும் ஸ்கோரில் நான்கு வரிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும். வயோலாவின் வரியை மட்டும் தனியே வாசித்தால் அது முழுப் பாட்டு ஆகாது, ஆனாலும் அதற்கென்று ஒரு போக்கும் ஒரு வருத்தமும் இருக்கும். நான்கும் ஒரே சுரத்தை வாசித்தால் குவார்டெட்டே இல்லை. மாற்குவின் கதறலை லூக்காவின் சமாதானத்தைக் கொண்டு சரிக்கட்டாமல், இரண்டையும் அதனதன் வரியில் முழுதாகக் கேட்க வேண்டும் என்பது எனக்கு அங்கேதான் புரிந்தது. என் நோட்டிலிருந்த நான்கு பத்திகளை அதற்குப் பிறகு பயமில்லாமல் பார்த்தேன்.

தேர்வுத்தாளைப் பற்றி ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். சபையில் வளர்ந்த நாம் விடைத்தாளிலும் பிரசங்கம் எழுதிவிடுவோம். "மாற்குவின் பாடுகளின் வரலாற்றில் நான்காம் வார்த்தையின் இடத்தை ஆராய்க" என்று கேள்வி வந்தால் கை தானாகவே "இன்றும் நம்மில் பலர் கைவிடப்பட்டவர்களாய்..." என்று ஓடும். அதை நிறுத்துங்கள். முதலில் அந்த வசனம் எந்தச் சூழலில் வருகிறது என்று எழுதுங்கள். சீஷர்கள் ஓடிப்போனது, பேதுரு மறுதலித்தது, வழிபோகிறவர்கள் பரிகசித்தது என்று ஒவ்வொருவராக விலகிப்போய், கடைசியில் அந்தக் கதறல் வருவதைக் காட்டுங்கள். அடுத்து அது சங்கீதம் 22-ன் முதல் வரி என்பதையும், அந்தச் சங்கீதம் துதியில் போய் முடிகிறது என்பதையும் எழுதுங்கள். இயேசு முழுச் சங்கீதத்தையும் மனதில் வைத்துச் சொன்னாரா, அந்த ஒரு வரியின் வேதனையைத்தான் சொன்னாரா என்று அறிஞர்கள் இரண்டு பக்கமும் பேசுவார்கள். இரண்டையும் நேர்மையாக எடுத்துச் சொல்லிவிட்டு, உங்கள் கருத்தை நான்கு வரியில் காரணத்தோடு எழுதுங்கள். இன்றைய வாழ்க்கைக்கு இதில் என்ன என்பதற்கு ஒரு பத்தி போதும், அதுவும் கடைசியில்.

நம் மண்ணின் இறையியலை விட்டுவிடாதீர்கள். ஐரோப்பியப் பெயர்களை மனப்பாடம் செய்பவர்கள் பலர், பாளையங்கோட்டையில் 1891-ல் பிறந்த ஏ. ஜே. அப்பாசாமியைத் தொடுவதே இல்லை. யோவான் சுவிசேஷத்தைப் பக்தி மார்க்கத்தின் வெளிச்சத்தில் வாசித்தவர் அவர். திருநெல்வேலியில் 1774-ல் பிறந்து தஞ்சைக்குப் போன வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனைகளையும், கரையிருப்பில் பிறந்த எச். ஏ. கிருஷ்ணபிள்ளையின் கவிதைகளையும் கோட்பாட்டுப் பாடத்துக்கு உதாரணமாகக் காட்டலாம். ஞாயிறுதோறும் நாம் பாடுவதும் இறையியல்தான். விடைத்தாளில் அதற்கு இடம் கொடுத்தால் எழுதுகிற நமக்கே ஒரு தெம்பு வருகிறது.

சரி, குவார்டெட்டுக்கு ஆள் சேர்ப்பது எப்படி? வயலினுக்குப் பஞ்சமில்லை. வயோலாவும் செல்லோவும்தான் கிடைக்காது. வயலினிலேயே சி-ஜி-டி-ஏ தந்திகளைப் போட்டு வயோலா வரியை வாசிக்கலாம். அதற்கென்றே தந்தி செட் விற்கிறார்கள். கீழ்த் தந்தியின் நாதம் கொஞ்சம் மெலிந்திருக்கும், ஆனால் வேலை நடக்கும். வயோலா நோட்டை எழுதும் ஆல்ட்டோ கிளெஃப் என்ற குறியீட்டைப் பழக வேண்டியிருக்கும். நடுக்கோடுதான் நடு சி என்று பிடித்துக்கொண்டால் சீக்கிரம் வந்துவிடும். செல்லோ இல்லாத காலத்தில் எங்களுக்குக் கீபோர்டு வாசிக்கும் அண்ணன் ஒருவர் அந்த வரியை இடது கையால் வாசித்துக் கொடுத்தார். ஹைடன் காலத்திலேயே இந்த இசையின் பியானோ வடிவமும் அவர் ஒப்புதலோடு வெளிவந்தது. அதனால் கீபோர்டு மட்டுமே உள்ள சபைக்கும் வழி உண்டு. 1796-ல் அவரே பாடகர் குழுவுக்கும் மாற்றி எழுதினார். இசை நோட்டுகளுக்குக் காசு செலவழிக்க வேண்டாம். ஐ.எம்.எஸ்.எல்.பி. (IMSLP) என்ற இணையதளத்தில் நான்கு பேருக்கும் தனித்தனிப் பிரதிகள் இலவசமாகக் கிடைக்கின்றன.

எங்களில் ஒருவர் டவுனிலிருந்து வந்த கர்நாடக வயலின்காரர், நெல்லையப்பர் கோயில் இசைத்தூண்களைப் பற்றிக் கண் விரியப் பேசுபவர். அவருக்கு இந்த வார்த்தைகள் பழக்கமில்லாததால், ஒவ்வொரு பகுதியையும் எடுப்பதற்கு முன் அந்த வசனத்தை வாசித்துப் பொருள் சொல்ல வேண்டியிருந்தது. விசுவாசிகளிடம் பேசும்போது தானாக வந்து விழும் சொற்களை அவரிடம் உபயோகிக்க முடியாது. "பாவநிவிர்த்தின்னா என்ன அக்கா? யாரு யாருக்குக் கொடுக்கிறாங்க?" என்று கேட்பார். நல்ல கேள்வி. கோட்பாட்டுத் தேர்வுக்கு அவரைவிட எனக்கு உதவியவர் யாருமில்லை. உங்கள் குழுவிலும் கூச்சப்படாமல் இப்படிக் கேட்கக்கூடிய ஒருவர் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் வார்த்தையான "தாகமாயிருக்கிறேன்" என்ற பகுதியைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கூட வாசிப்பவர்கள் வில்லை விட்டுவிட்டு விரலால் தந்தியைச் சுண்டுவார்கள். நாதம் எழுந்த கையோடு வறண்டுவிடும். அதன்மேல் முதல் வயலின் இரண்டே சுரத்தில் இறங்கும், வறண்ட தொண்டையால் ஒரு சொல்லைச் சொல்வதுபோல. கொஞ்ச நேரத்தில் நால்வரும் பலமாக எழுவார்கள். அந்தச் சுண்டலில் கூட வாசிப்பவர்களின் விரல்களெல்லாம் ஒரே கணத்தில் விழுவது கஷ்டமான காரியம். நடத்துநர் கிடையாது, கையசைத்துக் காட்ட ஆள் கிடையாது. பக்கத்தில் இருப்பவர் மூச்சை இழுப்பதைக் கேட்டுத்தான் தொடங்க வேண்டும். ஏழாம் வார்த்தையில் வயலின்கள் நாதத்தை அடக்கும் மியூட் போட்டுக்கொள்ளும். அது முடிந்ததும் பூமியதிர்ச்சி தொடங்கிவிடும், முழுப் பலத்தோடு.

கிரேடு தேர்வுக்கு இது உதவுமா என்று கேட்பவர்களுக்கு: நன்றாக உதவும். டிரினிட்டியில் மூன்று உருப்படிகளுக்குத் தலா 22, டெக்னிக்கல் வேலைக்கு 14, இரண்டு துணைத் தேர்வுகளுக்குத் தலா 10, ஆக 100. தேர்ச்சிக்கு 60, மெரிட்டுக்கு 75, டிஸ்டிங்ஷனுக்கு 87. பெரும்பாலானவர்கள் உருப்படிகளையே தேய்த்துவிட்டு, முன்பு பார்க்காத நோட்டைப் பார்த்தவுடன் வாசிக்கும் சைட் ரீடிங் என்ற துணைத் தேர்வில் மதிப்பெண்ணை விட்டுவிடுகிறார்கள். குவார்டெட்டில் வாரந்தோறும் புதுப் பக்கம் வாசிக்கும்போது, தப்பினாலும் நிற்காமல் அடுத்த தாள அளவில் சேர்ந்துகொள்ளும் பழக்கம் வந்துவிடும். தேர்வறையில் தரும் அரை நிமிடத்தில் தாளத்தையும் சுருதிக் குறியையும் மட்டும் பாருங்கள். மற்றது கை பழகியபடி வரும். பியானோ துணையோடு வாசிக்கும் உருப்படிகளிலும், துணைக்காரரைக் கேட்டு வாசிப்பவர் யார், அவரை இழுத்துக்கொண்டு ஓடுபவர் யார் என்பது கேட்டவுடன் தெரிந்துவிடும்.

நேரத்தைப் பற்றிச் சுருக்கமாக: விடியற்காலை வாசிப்புக்கு, மாலை வயலினுக்கு. வேதபகுதி ஒன்றே என்பதால் காலையில் படித்தது மாலையில் விரலுக்கு வரும். ஈஸ்டருக்கு முன் வரும் தவக்காலமான லெந்து காலத்தில் தொடங்குவது நல்லது. சபை முழுவதும் அதே பகுதிகளைத்தான் வாசித்துக்கொண்டிருக்கும்.

நான் படித்துக்கொண்டிருந்த காலத்தில்தான் அப்பா நெடுநாள் படுக்கையில் இருந்தார்கள். ஜெபிக்க வந்தவர்கள் எல்லோரும் நல்ல மனதோடு, "எல்லாம் நன்மைக்கே" என்றார்கள். எனக்கு அந்த நாட்களில் மாற்குவின் ஒற்றை வார்த்தைதான் கைகொடுத்தது. தேவகுமாரனே "ஏன்" என்று கேட்டிருக்கிறார், அதற்கு அந்த நேரத்தில் பதில் வரவில்லை, அந்தக் கேள்வியையும் சபை மறைக்காமல் சுவிசேஷத்தில் எழுதி வைத்திருக்கிறது. நான்காம் பகுதியை எஃப் மைனர் சுருதியில் வாசிக்கும்போது என்னால் ஜெபிக்க முடிந்தது. வாயால் முடியாத நாட்களிலும் முடிந்தது. என் விசுவாசம் அதனால் பெரிதாயிற்றா என்று எனக்கு அளக்கத் தெரியாது. கேள்வியோடு ஆலயத்துக்குள் போக இப்போது எனக்குத் தயக்கமில்லை. அப்பாவை அடக்கம்பண்ணிய பிறகும் அந்தத் தயக்கம் திரும்பி வரவில்லை.

இதை முடித்தவர்கள் அடுத்து எடுக்க ஒரு படைப்பு சொல்கிறேன். பிரெஞ்சு இசையமைப்பாளரான மெசியான் போர்க்கைதியாக இருந்தபோது எழுதி, 1941 ஜனவரி 15-ல் கோர்லிட்ஸ் முகாமில் சக கைதிகள் முன் வாசித்த 'காலத்தின் முடிவுக்கான குவார்டெட்'. வயலின், கிளாரினெட், செல்லோ, பியானோ. வெளிப்படுத்தின விசேஷம் பத்தாம் அதிகாரத்தை வைத்து எழுதியது. வாசிக்க மிகவும் கடினம், ஆனால் அந்த அதிகாரத்தைப் படித்துவிட்டுக் கேட்க யாராலும் முடியும்.

ஆலயத்தில் வாசிக்க நினைத்தால் சேகர குருவிடம் லெந்து தொடங்குமுன்னே பேசிவிடுங்கள். ஏழு வார்த்தைக்கும் பிரசங்கியார்களை முன்கூட்டியே ஒழுங்கு செய்துவிடுவார்கள், பிறகு நேரம் கிடைக்காது. ஏழையும் கேட்காதீர்கள். ஒரே ஒரு வார்த்தைக்குப் பின் வாசிக்க அனுமதி கேட்டு, எத்தனை நிமிடம் ஆகும் என்று சரியாகச் சொல்லுங்கள். அந்த வார்த்தைக்குப் பிரசங்கம் பண்ணுகிறவரிடம் தனியாகப் போய், அவர் எந்த வசனத்தில் முடிப்பார் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வாத்தியங்களைப் பன்னிரண்டு மணிக்கு முன்பே சுருதி சேர்த்துவிட்டு, ஆலயத்துக்குள்ளேயே வைத்திருங்கள். வெளி வெயிலில் வைத்தால் தந்தி இறங்கிவிடும்.