மெரந்திப் படகுக்குக் கண்ணாடித் துணி

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் காலை வெயிலில் மரப்படகுக்கு எப்போக்சி (இரண்டு திரவங்களைக் கலந்து பூசும் பிசின்) பூசச் சொல்பவர்கள் வாழ்நாளில் அதைத் தொட்டிருக்க மாட்டார்கள். வெயில் ஏற ஏற மரத்துக்குள் இருக்கும் காற்று விரிந்து வெளியே வரும். பூச்சு முழுக்கக் கொப்புளம். அதனால் சூடு இறங்கும் மாலையில்தான் அண்ணனும் நானும் மெரந்தி மரப் பலகைப் படகைக் கவிழ்த்து, கண்ணாடி இழைத் துணியை விரித்தோம். சதுர மீட்டருக்கு 200 கிராம் எடையுள்ள துணி.

எப்போக்சியின் இரு பகுதிகளான ரெசினையும், அதை இறுகச் செய்யும் ஹார்டனரையும் கலந்தபின் குவளையிலேயே விட்டால் தன் சூட்டிலேயே புகைந்து கட்டியாகிவிடும். உடனே அகலமான தட்டில் ஊற்ற வேண்டும். வெள்ளைத் துணி ரெசினைக் குடித்துக் கண்ணுக்கு மறைந்து, மரத்தின் வரிகள் மேலெழுந்து வருகின்றனவே, அதைப் பார்ப்பதற்காகவே இன்னொரு படகு செய்யலாம். (அண்ணி காதில் போட்டுவிடாதீர்கள்.) மிகுதியைப் பிளாஸ்டிக் தகட்டால் வழித்துவிட வேண்டும், தேங்கினால் துணி மரத்தை விட்டு மிதக்கும்.

நம் ஊர் ஈரக்காற்றில் மறுநாள் மெழுகுபோல் ஒரு பிசுக்கு படியலாம். தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவிய பிறகே உப்புத்தாள்.

இனி புற ஊதாக் கதிரைத் தடுக்கும் வார்னிஷ் பாக்கி. வெறும் எப்போக்சி வெயில் தாங்காது. அதற்குள் பக்கத்து லயத்து மாமா, பேராக் ஆற்றுக்கு எப்போது புறப்படுகிறோம் என்று தூண்டிலோடு வந்து நிற்கிறார். மழை விடட்டும் மாமா!