கருவேல நெற்றும் ஆட்டுக் குடற்புழு முட்டையும்: சோதனைக் குறிப்புகள்

ஏப்ரல் 7
கருவேல நெற்றுச் சாறு ஆட்டுக் குடற்புழு முட்டை பொரிவதைத் தடுக்குமா என்று பார்க்க வேண்டும். விதை நீக்கி, நிழலில் உலர்த்தி அரைத்த நெற்று 100 கிராம். 70 சதவீத எத்தனால் 1 லிட்டரில் ஊறுகிறது. 72 மணி நேரம், அவ்வப்போது குலுக்க வேண்டும்.

ஏப்ரல் 10
வாட்மேன் 1 வடிதாள் உடனே அடைத்துக்கொண்டது. முதலில் துணியில் வடித்திருக்கலாம். எத்தனாலை ஆவியாக்கும் எவாபரேட்டரின் தொட்டி 40 டிகிரி, அதற்கு மேல் ஏற்றக்கூடாது. எத்தனால் போன பின் மிஞ்சும் தண்ணீரை அடுப்பில் வற்ற வைக்காமல் உறைய வைத்து உலர்த்தினோம்.

ஏப்ரல் 15
மலக்குடலிலிருந்தே கையுறையில் எடுத்த புழுக்கை. தரையில் பொறுக்கினால் மண்ணில் வாழும் உருளைப்புழுக்களும் சேர்ந்துவிடும். கரைத்து, 75 மைக்ரான் சல்லடையில் விட்டு, 25 மைக்ரானில் முட்டையைப் பிடித்தாயிற்று. பிறகு அடர்த்தி 1.20 உள்ள உப்புக் கரைசலில் மிதக்கவிட்டு உடனே கழுவ வேண்டும். உப்பில் ஊறினால் முட்டை சுருங்கும். எல்லாம் 3 மணி நேரத்துக்குள். கரு வளரத் தொடங்கிய முட்டையில், ஒப்பீட்டுக்கு வைக்கும் புழு மருந்தான தயாபெண்டசோல் சரியாக வேலை செய்யாது, ஒப்பீடே கெடும்.

24 குழித் தட்டு. குழிக்கு அரை மி.லி. முட்டைக் கரைசல் (சுமார் 100 முட்டை), அரை மி.லி. சாறு. சாற்றை இரட்டிப்புச் செறிவில் கலக்க வேண்டும். குழியில் மி.லி.க்கு 5 மி.கி. வேண்டுமென்றால் மி.லி.க்கு 10 மி.கி. கரைசல். இதை மறந்தால் குறிப்பேட்டில் 5, குழியில் 2.5! சாற்றைக் கரைக்க உதவும் டிஎம்எஸ்ஓவும் அப்படித்தான்: கரைசலில் 1, குழியில் 0.5 சதவீதம். அதே அளவு டிஎம்எஸ்ஓ மட்டும் உள்ள குழிகள் தனியே. 27 டிகிரி, 48 மணி நேரம். மிச்சப் புழுக்கை லார்வா வளர்ப்புக்கு.

ஏப்ரல் 17
பொரிப்பை நிறுத்தக் குழிக்கு ஒரு சொட்டு லூகால் அயோடின், பிறகு எண்ணிக்கை. டிஎம்எஸ்ஓ குழிகளில் பொரிப்பு 80 சதவீதத்துக்குக் கீழே போனால் தட்டையே தள்ளுவது இங்கே வழக்கம், இம்முறை தப்பித்தது. செறிவு கூடிய குழிகள் தேநீர் நிறம், முட்டையே தெரியவில்லை. மேல்நீரை உறிஞ்சிக் கழுவிப் பார்த்தால், ஓட்டுக்குள் முழு லார்வா சுருண்டு கிடக்கிறது! கரு சாகவில்லை, வெளியே வர முடியவில்லை. "பொரிக்காதது" என்று ஒரே கட்டத்தில் போட்டால் இந்த வித்தியாசம் காணாமல் போகும். இனி மூன்று கட்டம்: கரு வளராதது, ஓட்டுக்குள் லார்வா, வெளிவந்தது.

சந்தேகம் நெற்றின் துவர்ப்புப் பொருளான டானின் மேல்தான். அடுத்த தட்டில் ஒரு வரிசைக்குச் சாற்றை மி.லி.க்கு 50 மி.கி. பிவிபிபியோடு (டானினைப் பிடித்துக்கொள்ளும் தூள்) 3 மணி நேரம் வைத்து, சுழற்றித் தெளியவிட்டு ஊற்றணும். லார்வா வெளியே வந்தால் தடுத்தது டானின்.

ஏப்ரல் 22
வளர்ப்பில் ஏழாம் நாள் லார்வா. நுனி வளைந்த வால் உறை உள்ளது ஹீமாங்கஸ் என்ற உருளைப்புழு. கூடவே குட்டை வால் உறையோடு ட்ரைக்கோஸ்ட்ராங்கைலஸ் என்ற இன்னொன்றும். முட்டையின் தோற்றத்தை மட்டும் வைத்து இரண்டையும் உறுதியாகப் பிரிக்க முடியாது. தட்டின் தலைப்பில் ஹீமாங்கஸை அடித்துவிட்டு "குடல் உருளைப்புழுக்கள், கலப்பு" என்று எழுதியாயிற்று.